சீனம் படிக்கலாம், தமிழைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கலாம்

(தமிழ்ப் பிள்ளைகள் சீனமொழியையும் பண்பாட்டையும் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாக எடுக்கலாமா என்பது பற்றி நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கிள்ளானைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய ஐயா ஒருவர், "தமிழ்ப் பிள்ளைக்கு எதற்குச் சீனப் பட்டம்? நாலு வார்த்தை மாண்டரின் பேசத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்டார். அவருக்கு அடுத்துப் பேசிய அம்மையார், "தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறதே என்று நாம் கவலைப்படுகிற நேரத்தில், சீனம் படி என்று மேடை போட்டுச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

லோரி ஓட்டுநரின் கணக்கு

என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு இடப்பக்கம் ஹொக்கியன் பேசும் ஒரு சீனக் குடும்பம். அப்பாவுக்கு வேலை கொடுத்த தவுக்கேயும் சீனர்தான். "பேசுறது புரியலன்னா பேரம் பேச முடியாதும்மா" என்பது அப்பாவின் கணக்கு. அந்தக் கணக்கின்படி ஏழு வயதில் என்னைச் சீனத் தொடக்கப்பள்ளியில் சேர்த்தார். முதலாம் ஆண்டு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் மூன்றே பேர்.

வீட்டில் யாருக்கும் சீன எழுத்து தெரியாது. வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போவேன். அம்மா முறுக்குச் சுட்டால் ஒரு தட்டு அந்த வீட்டுக்குப் போகும். அதுதான் என் டியூஷன் கட்டணம்.

எஸ்.பி.எம். தேர்வில் சீனமொழியில் நல்ல தேர்ச்சி கிடைத்தது. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சீன ஆய்வியல் படிக்கப் போகிறேன் என்றபோது உறவினர்கள் சிரித்தார்கள். சட்டம் படிக்கச் சொன்னார்கள், கணக்காய்வு படிக்கச் சொன்னார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "சீனவங்களுக்கே சீனம் சொல்லிக் குடுக்கப் போறியாம்மா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பேசுவது வேறு, படிப்பது வேறு

முதல் கேள்வி கேட்ட ஐயா அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாண்டரின் பேசத் தெரிவதற்கும் சீன ஆய்வியல் பட்டத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. சந்தையில் தமிழ் பேசத் தெரிந்தவரிடம் புறநானூற்றைக் கொடுத்துப் பொருள் கேட்டால் எப்படியிருக்கும்? முதல் பருவத்தில் பழஞ்சீன மொழிப் பாடத்தைத் திறந்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. பதினோர் ஆண்டுகள் பள்ளியில் படித்த சீனம் அங்கே பாதிக்கூட உதவவில்லை.

நம் நாட்டுச் சீனப்பள்ளிகளில் கற்றுத் தருவது சுருக்க எழுத்து. பழைய நூல்களைப் படிக்க மரபு எழுத்தும் தெரிய வேண்டும். கன்பூசியஸின் உரையாடல்கள், லாவோ சி, சுவாங் சி என்று தத்துவம் ஒரு பக்கம். லீ பாய், டு ஃபூ போன்ற தாங் காலக் கவிஞர்கள் ஒரு பக்கம். மொழியியல், வரலாறு, மலேசியச் சீனர்களின் சமூகம், அவர்கள் இங்கே எழுதிய சிறுகதையும் கவிதையும் ஒரு பக்கம். வெறும் மொழிப் பயிற்சி அல்ல இது. ஒரு சமூகம் எப்படிச் சிந்தித்து வந்திருக்கிறது என்பதைப் படிக்கும் படிப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. தாங் காலக் கவிதைகளை மாண்டரினில் படிக்கும்போது சில இடங்களில் இயைபு சரியாக வராது. சொற்களின் இறுதியில் இருந்த 'ப்', 'ட்', 'க்' போன்ற ஒலிகள் மாண்டரினில் மறைந்துவிட்டன. ஹொக்கியனில் அவை இன்னும் இருக்கின்றன. ஒருநாள் ஒரு பழைய கவிதையைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கொண்டுபோய் ஹொக்கியனில் வாசிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர் அவர். தடவித் தடவித்தான் வாசித்தார். ஆனால் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய இயைபு அவர் வாயில் தானாக வந்தது. நாம் 'வட்டார வழக்கு' என்று ஒதுக்கும் பேச்சில் எவ்வளவு பழைய செல்வம் இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டியின் தமிழ் அப்போது நினைவுக்கு வந்தது. அதை நான் குறித்து வைக்கவே இல்லை.

இன்னொன்று உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தமிழில் 'நீ' என்கிறோம். மாண்டரினிலும் 'நீ' என்றால் நீதான். மரியாதைக்கு நாம் 'நீங்கள்' என்கிறோம். அவர்கள் 'நீன்' என்கிறார்கள். உடனே தமிழும் சீனமும் அக்காள் தங்கை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இது தற்செயலான ஒற்றுமை. இரண்டும் வெவ்வேறு மொழிக் குடும்பங்கள். எது உறவு, எது தற்செயல் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுத் தருவதும் அந்தப் படிப்புதான்.

உண்மையான கொடுக்கல் வாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் சொல்லும் 'தவுக்கே' ஹொக்கியன் சொல். 'மீ' ஹொக்கியன் சொல். தீபாவளிக்கு நம் பிள்ளைகள் கைநீட்டி வாங்கும் 'அங்பாவ்' ஹொக்கியன் சொல். தேயிலையில் உள்ள 'தே'யும் தென் ஃபுஜியன் துறைமுகங்களிலிருந்து உலகம் சுற்றி வந்ததுதான். நாம் தெரியாமலேயே கொஞ்சம் சீனம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கல் கேட்ட கேள்வி

இனி அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் கடல்வழி வணிக வரலாறு பாடம். பேராசிரியர் திரையில் ஒரு கல்வெட்டின் படத்தைக் காட்டினார். அது சீனாவின் ஃபுஜியன் மாநிலத்தில் உள்ள சுவான்சோ துறைமுக நகரில் கிடைத்தது. அதில் தமிழ் வரிகளும், அவற்றின் கீழே சீன எழுத்துகளும் இருந்தன. அது கி.பி. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குப்லாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அங்கே சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததை அந்தக் கல் சொல்கிறது. சுவான்சோவில் இந்துக் கோயில் ஒன்றின் சிற்பங்களும் கிடைத்திருக்கின்றன. அங்குள்ள காய்யுவான் பௌத்தக் கோயிலின் தூண்களிலேயே நம் புராணக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். "கீழே உள்ள சீனத்தை இவர்கள் படிப்பார்கள். மேலே உள்ளதை நீ படித்துச் சொல்" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டார்.

எனக்குத் தமிழ் எழுத்தே தெரியாது.

வீட்டில் தமிழ் பேசுவேன். சினிமாப் பாட்டுப் பாடுவேன். ஆனால் 'அ' எது 'ஆ' எது என்று தெரியாது. வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இருந்த சீன வரியை என்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. என் பாட்டன் வழியில் வந்த மேல்வரி வெறும் கோடுகளாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கூனிக் குறுகி நான் நின்றதில்லை.

கிள்ளானில் ஹொக்கியன் பேசுகிறவர்களின் மூதாதையர் வந்தது அந்தத் தென் ஃபுஜியன் பகுதியிலிருந்துதான். அதாவது, பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முன்னோரும் நம் முன்னோரும் 700 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கடற்கரையில் அண்டை வீட்டாராக இருந்திருக்கக்கூடும். அதைச் சொல்லும் கல்லில் என் பங்கை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த வார இறுதியில் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாம் படித்துக்கொண்டிருந்த தமிழ் நாளிதழை என் முன் வைத்து, தலைப்பில் இருந்த பெரிய எழுத்தைக் காட்டி, "இது 'ம'" என்றார். இருபத்தொரு வயதில் எனக்கு அப்படித்தான் எழுத்தறிவித்தல் நடந்தது.

ஆறேழு மாதம் ஒவ்வொரு வார இறுதியும் பாடம் நடந்தது. ஒருநாள் அப்பா கேட்டார்: "அன்னிக்கு உன்னச் சீனப்பள்ளிக்கு அனுப்பினது தப்பாம்மா?"

"அது தப்பில்லப்பா. ராத்திரி அரை மணி நேரம் தமிழ் சொல்லிக் குடுக்காததுதான் தப்பு" என்றேன்.

சொன்ன பிறகு வருந்தினேன். விடிவதற்கு முன் வேலைக்குப் போய் ராத்திரியில் திரும்பிய மனிதரிடம் அந்த அரை மணி நேரம் எங்கே இருந்தது? ஆனால் சொன்ன சொல்லில் உண்மை இருந்தது. அதனால்தான் இன்று இந்த மேடையில் அதைத் திருப்பிச் சொல்கிறேன்.

தமிழ் கற்ற பிறகும் கல்லில் உள்ள பழைய எழுத்துகளை நேராகப் படிக்க என்னால் முடியவில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அறிஞர்கள் படித்து அச்சிட்ட பாடத்தைத்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பந்தப் பெருமாள் என்ற பெயர் வந்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் நம்மைப் படிக்கிறார்கள்

அன்பர்களே, இந்த உறவு கல்வெட்டோடு முடிந்த உறவு அல்ல. சோழ நாட்டுத் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றிருக்கிறார்கள். நம் கெடாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு முப்பது நாள் கப்பல் பயணம் என்ற செய்தி, ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி யிஜிங் எழுதிய நூலில் இருக்கிறது. மலாக்காவுக்கு வந்துபோன கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையின் காலியில் நிறுவிய கல்வெட்டு 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற பெயரில் திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனப் பேரரசுக்குத் தமிழில் எழுதித்தர ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

இன்றும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. சீன வானொலி 1963-இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழில் பேசினார்கள். பெய்ஜிங் வெளிநாட்டு மொழிப் பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்கள் தமிழைப் பட்டப்படிப்பாகவே படித்திருக்கிறார்கள். தைவான் கவிஞர் யூ சி திருக்குறளைச் சீனத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். இந்தியாவில் தாகூரின் சாந்திநிகேதனில் 1937-இல் சீன பவனம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய டான் யுன்-ஷான் தாகூரை முதன்முதலில் சந்தித்தது எங்கே தெரியுமா? 1927-இல், சிங்கப்பூரில். அந்த வித்து இங்கேதான் விழுந்தது.

இங்கே வாழும் நாம் மட்டும் ஏன் ஒருவரையொருவர் படிக்காமல் இருக்கிறோம்? தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். 1894-இல் அங்கே மின்சாரம் வந்ததற்கு அவர்கள் காரணமானவர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நம் கோயில்களுக்கு நடுவே சீனர் கோயிலும் இருக்கிறது. பத்துமலையில் சீன அன்பர்கள் காவடி எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதும் கதையை நாம் படித்ததில்லை. நாம் எழுதும் கதையை அவர்கள் படித்ததில்லை. நூறாண்டுக்கு மேல் ஒரே தெருவில் இருந்தும், பேச்சு மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கிறது. மூன்றாவது மொழியில் வியாபாரம் பேசலாம். பாட்டியின் கதையைப் பேச முடியுமா?

1956-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய ஆண்டு அது. அதற்காகத் தமிழவேள் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். கூலித் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அதே சிங்கப்பூரில், அதே ஆண்டில் நன்யாங் பல்கலைக்கழகம் சீனமொழியில் வகுப்புகளைத் தொடங்கியது. அதற்கும் பணக்காரத் தவுக்கேகளோடு சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர்களும் கொடுத்தார்கள். இரு சமூகத்து ஏழைகளும் ஒரே காலத்தில் ஒரே ஆசைக்காகச் சட்டைப் பையைத் துழாவியிருக்கிறார்கள். பின்னர் இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1963-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வியல் துறையும் வந்தது. இரண்டும் ஒரே புலத்தில் இருக்கின்றன. ஒரு துறையிலிருந்து மற்றதற்குப் போகிற வழியில் நம் பிள்ளைகள் சிலராவது நடக்க வேண்டாமா?

சோறு போடுமா?

பெற்றோர் மனத்தில் உள்ள கேள்வி எனக்குத் தெரியும். ஒளிக்காமல் சொல்கிறேன். 'மாண்டரின் பேசத் தெரிந்தவர் தேவை' என்ற வேலை விளம்பரத்துக்கு இந்தப் பட்டம் தேவையில்லை, பேச்சு போதும். பணம் மட்டுமே குறி என்றால், கணக்காய்வோ பொறியியலோ படித்துக்கொண்டு பக்கத்தில் மாண்டரின் கற்றுக்கொள்வது நல்லது. ஹெச்.எஸ்.கே. என்ற அனைத்துலக சீனமொழித் தகுதித் தேர்வு இருக்கிறது. அதைப் படிப்படியாக எழுதலாம்.

சீன ஆய்வியல் பட்டம் ஆசிரியர் பணிக்கு, மொழிபெயர்ப்புக்கு, பத்திரிகைத் துறைக்கு, நீதிமன்ற மொழிபெயர்ப்புக்கு, ஆய்வுக்கு வழி திறக்கும். அங்கே சீன மாணவர்களோடு போட்டி போட வேண்டும். அவர்கள் அந்த மொழியில் பிறந்தவர்கள். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் என்ன இருக்கிறது? தமிழ் இருக்கிறது. மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அவற்றோடு தமிழை எழுதப் படிக்கவும் தெரிந்தவர் அரிது. எனக்குக் கிடைத்த நல்ல வேலைகளெல்லாம் நான் தமிழ் எழுதக் கற்ற பிறகு கிடைத்தவைதான்.

சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு திருமணம். மாப்பிள்ளை தமிழர், பெண் சீனர். இரு வீட்டாருக்கும் இடையில் நின்று பேச என்னை அழைத்தார்கள். மணமக்கள் பெரியவர்களுக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுப்பது எதற்கு என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார். தாலியில் ஏன் மூன்று முடிச்சு என்று பெண்ணின் பாட்டி கேட்டார். சொற்களை மட்டும் மொழிபெயர்த்தால் அங்கே போதாது. பெரியோரை மதிக்கும் 'சியாவ்' என்ற சீன அறத்தை நம் பெற்றோர் வணக்கத்தோடு சேர்த்துச் சொன்னபோது அத்தை தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்குத்தான் நான் மூன்று ஆண்டு படித்தேன் என்று தோன்றியது. அப்பா அன்று கேட்ட கேள்விக்குப் பதிலும் அதுதான். சீனவர்களுக்குச் சீனம் சொல்லிக் கொடுக்க நான் படிக்கவில்லை. நமக்கு அவர்களையும், அவர்களுக்கு நம்மையும் சொல்லப் படித்தேன்.

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று. இன்று சீனத் தொடக்கப்பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை சீனர் அல்லாத பிள்ளை. அதில் நம் பிள்ளைகளும் உண்டு. தமிழ்ப்பள்ளியே நம் முதல் தேர்வாக இருக்கட்டும். ஆனால் ஏதோ காரணத்தால் சீனப்பள்ளிக்கு அனுப்பிவிட்டவர்களை ஏசிப் பயனில்லை. அந்த வீடுகளில் தினமும் அரை மணி நேரம் தமிழ் எழுத்து நடக்கட்டும். அப்பாவுக்கு நேரமில்லையென்றால் தாத்தா பாட்டி, அவர்களும் இல்லையென்றால் கோயில் வகுப்பு.

இரண்டு. தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்றுத்தர வழி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். 14 பேர் கையெழுத்திட்டு ஒருவர் வராமல் போனால் வகுப்பு கிடையாது. அந்தப் பதினைந்தாவது ஆளாக நீங்கள் இருங்கள்.

மூன்று. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்குச் சீனத்தில் ஆர்வம் வந்தால் 'காலம் கடந்துவிட்டது' என்று தடுக்காதீர்கள். உள்நாட்டுச் சீன ஆய்வியல் படிப்புகளுக்குப் பள்ளியிலேயே சீனம் படித்திருந்தால்தான் ஈடுகொடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் சீனப் பல்கலைக்கழகங்களில் சேருவோர் முதல் ஆண்டில் மொழியை மட்டும் படித்து, அதன்பின் பட்டப்படிப்பைத் தொடங்கும் முறை இருக்கிறது. செப்பாங்கில் சியாமென் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2016 முதல் இயங்குகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தை 1921-இல் நிறுவிய டான் கா கீ ரப்பர் தொழிலில் செல்வம் ஈட்டியவர். ரப்பர் என்றதும் நமக்கு நம் பாட்டன் பாட்டி நினைவு வராதா? அந்த வாசலில் நுழைய நமக்குக் கூச்சம் வேண்டாம்.

என் மகள் இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை காலையில் நான் அவளுக்குச் சீன எழுத்து சொல்லித் தருகிறேன். மாலையில் அவள் தாத்தாவுக்குத் தமிழ் நாளிதழை வாசித்துக் காட்டுகிறாள். தாத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். தமிழ் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுநடுவே, "அது என்ன செய்தி?" என்று என் மகளிடம் ஹொக்கியனில் கேட்கிறார். அவள் திக்கித் திணறிப் பதில் சொல்கிறாள்.

அந்தத் திணறல் போதும். மற்றவை தானாக வரும்.